என் பெயரை மாட்டிக்கொண்டு வந்தவர்

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஜனங்கள் மறுபடியும் தைரியமாகக் கூட்டம் கூட ஆரம்பித்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை மதியம், லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில் தமிழ் வலைப்பதிவர்கள் சந்திப்பு நடந்தது. கீழே பிரியாணி வாசம், மேலே இலக்கியம். போகலாமா வேண்டாமா என்று தேக்கா மார்க்கெட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, தேவையே இல்லாமல் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு, கடைசியில்தான் படியேறினேன்.

நான் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சில வருடங்களாக ‘ஈரக்குடை’ என்ற பெயரில் ஒரு வலைப்பதிவு எழுதுகிறேன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். பதிவு தொடங்கிய அன்று வாசலில் ஒரு குடை காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ரயிலில் பார்த்தது, லிஃப்டில் கேட்டது, ஆபீஸில் நடந்த கூத்து என்று கையில் அகப்பட்டதை எழுதுவேன். சொந்தப் பெயரோ படமோ போட்டதில்லை. கணவரைப் பற்றி எழுதினால்கூட ‘உடன் வசிப்பவர்’ என்றுதான் எழுதுவேன். அவருடைய ஆபீஸ்காரர்கள் யாராவது படித்துவிட்டால் வீட்டில் சாப்பாடு இறங்காது.

ஆரம்பத்தில் பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. அப்புறம் எல்லாரும் ஃபேஸ்புக், வீடியோ என்று போய்விட்டார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது ‘சரக்கொன்றை’ என்ற பெயரில் எழுதும் ஒரே ஒரு வாசகர். பதிவு போட்ட கொஞ்ச நேரத்தில் அவருடைய பின்னூட்டம் வந்துவிடும். ஒருவருக்காகக் கடை திறந்து வைப்பதா? இந்தச் சந்திப்புக்குப் போய்ப் பார்ப்போம், அங்கேயும் நாதி இல்லையென்றால் ஈரக்குடையை மடக்கி வைத்துவிடலாம் என்று முடிவு செய்துதான் என் வலைப்பதிவின் பெயரை மட்டும் ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பியிருந்தேன்.

பதிவர் சந்திப்பில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தப் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். கழுத்தில் மாட்டும் அட்டையில் வலைப்பதிவின் பெயர்தான் இருக்கும். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் வரிசையாக அட்டைகள். என் ஈரக்குடையும் அங்கே இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சமையல் குறிப்பு எழுதும் பதிவர். நல்ல மீசை. அவர் என்னையும் என் கையில் இருந்த கீரைக்கட்டையும் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்.

“வாங்கம்மா. நீங்க யாரோட வந்திருக்கீங்க?”

யாரோட என்றால்? நான் என்னோடுதான் வந்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டியதுதானே! ஆனால் எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வாய் ஒருபோதும் உதவாது. “சும்மா பாக்கலாம்னு வந்தேன்” என்று உளறிவிட்டேன். அவர் மரியாதையாகப் ‘பார்வையாளர்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானும் அதை வாங்கி ஒட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் போய் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் வேறு.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வெயிலில் வேலை பார்த்துக் கறுத்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. எனக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். நடுவில் இருந்த நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து வைத்தார். சிங்கப்பூரில் அது பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட் இருக்கும் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் எதேச்சையாக அவர் கழுத்தைப் பார்த்தேன்.

ஈரக்குடை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்னொரு ஈரக்குடை இருக்கிறதா? நான்தான் யாருடைய பெயரையோ தெரியாமல் வைத்துக்கொண்டேனா? போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன். என்னுடையது மட்டும்தான் வந்தது. அப்படியென்றால் இவர் யார்?

“அண்ணன், நீங்க எழுதுவீங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நானா? இல்லக்கா. ஷிப்யார்டுல சூப்பர்வைசர். என் வைஃப்தான் இதெல்லாம் படிப்பாங்க, எழுதுவாங்க. அவங்க ஜொகூர்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டு வராங்க, பார்டர்ல, காஸ்வே பாலத்துல செம ஜாம். முன்னாடி போய் இடம் புடிச்சு வைங்கன்னாங்க, வந்துட்டேன்.” அட்டையைத் தூக்கிப் பார்த்தார். “இது வாசல்ல இருந்த அண்ணன் மாட்டி விட்டது. ‘நீங்கதானே?’ன்னாரு. என்னன்னு கேக்கறதுக்குள்ள மாட்டிட்டாரு. இது இல்லாம உள்ள விடமாட்டாங்க போலன்னு விட்டுட்டேன்.”

ஈரக்குடை ஆண் என்று அந்த மீசைக்காரர் முடிவு கட்டியிருக்கிறார். நான் அடுப்படியைப் பற்றி எழுதுவதில்லை, அதனால் இருக்கலாம். அப்படிப் பார்த்தால், சமையல் குறிப்பு எழுதும் அவரையே நான் இத்தனை நாள் ஒரு மாமி என்று நினைத்திருந்தேன். யாரை நோவது?

அட்டையைக் கேட்டு வாங்க வாயெடுத்தேன். அதற்குள் முன் வரிசையிலிருந்து ஒருவர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஈரக்குடை! சார், நீங்களா! உங்கள பாக்கணும்னே வந்தேன்!”

“இல்லங்க, நான் வந்து...”

“கமெண்ட் போட மாட்டேன் சார், எனக்கு டைப் பண்ணச் சோம்பல். ஆனா ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். காலைல பஸ்ல உங்களைப் படிச்சாத்தான் எனக்கு அன்னைக்கு நாள் ஓடும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமெண்ட் போடாமல் படிக்கிறார்களா? பின்னாலேயே இன்னொரு அம்மாள் வந்தார். அந்தக் காலத்து டீச்சர் மாதிரி இருந்தார், பேச்சும் அப்படியே. “நல்லா எழுதுறீங்க தம்பி. ஆனா இப்பல்லாம் கொஞ்சம் அவசரம் தெரியுது. ஆரம்பத்துல இருந்த நிதானம் இல்ல. என்ன ஆச்சு?” என்று கேட்டார். பாவம் அந்த மனிதர், பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, “ஷிப்யார்டுல ஓவர்டைம் ஜாஸ்திங்க” என்றார். அந்த அம்மாள் அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. அவர் சொன்னது நிஜம். என் முகத்துக்கு நேரே யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நியாயமாக அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று ஆசை. தன் சாவு வீட்டிலேயே தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒளிந்திருந்து கேட்கிற மாதிரி ஒரு கூச்சமும், அதைவிடப் பெரிய ஆசையும்.

அவர் மறுத்துப் பார்க்காமல் இல்லை. “நான் அவர் இல்லங்க” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்தார்கள். “இதான் சார் உங்க ஸ்டைல்” என்றார் ஒருவர். எனக்கே அப்போதுதான் தெரிந்தது, எனக்கு ஒரு ஸ்டைல் இருப்பது.

இந்த அமளியிலும் அவர் ஒரு காரியத்தை விடவில்லை. ஹால் நிரம்ப நிரம்ப அந்த நடு நாற்காலியை யார் யாரோ கேட்டார்கள். “ஆள் வருது” என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். ஏற்பாட்டாளரே வந்து, “அண்ணே, நிக்கிறாங்கல்ல, குடுங்களேன்லா” என்றபோதும் டிஷ்யூ பாக்கெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, “என் வைஃப் கஸ்டம்ஸ் தாண்டிட்டாங்க, இதோ வந்துருவாங்க” என்றார். ஈரக்குடை கேட்டால் மறுக்க முடியுமா? ஏற்பாட்டாளர் தன் நாற்காலியை எடுத்துக் கொண்டுபோய் நின்றிருந்தவருக்குக் கொடுத்தார்.

கூட்டம் தொடங்கியது. தேடுபொறியில் நம் பதிவு மேலே வருவது எப்படி, தலைப்பு எப்படி வைக்க வேண்டும், எந்தக் கிழமை பதிவு போட்டால் கூட்டம் வரும் என்று ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். நல்ல விஷயங்கள்தான். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வரி ஏறவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதே குழம்பிக் கிடக்கும்போது எந்தக் கிழமை போட்டால் என்ன?

அடுத்தது அறிமுகப் படலம். ஒவ்வொரு பதிவராக முன்னால் போய், வலைப்பதிவின் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அப்போதுதான் எனக்கு நிலைமை உறைத்தது. குனிந்து, “அண்ணன், அந்தப் பேரு என்னோடது. நான்தான் ஈரக்குடை” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப இவ்ளோ நேரம் ஏன்க்கா சும்மா இருந்தீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மைக்கில் “அடுத்து, எல்லாரும் காத்துக்கிட்டிருக்கற ஈரக்குடை!” என்று கூப்பிட்டுவிட்டார்கள். கைதட்டல். அவர் “அக்கா, நீங்க போங்க, நீங்க போங்க” என்று என்னைக் கிளப்பினார். நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஏற்பாட்டாளர் வந்து அவர் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது திரும்பி, “அந்த சீட்டப் பாத்துக்கங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைக்குக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். “வணக்கம். எனக்கு எழுத வராது. நான் எழுத்தாளரும் இல்ல. என் வைஃபுக்கு இடம் புடிச்சு வைக்க வந்தேன். அவ்ளோதான்” என்றார்.

ஹால் அதிர்ந்தது. அப்படியொரு சிரிப்பு, அப்படியொரு கைதட்டல். அந்த டீச்சர் அம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் உள்ளது உள்ளபடி சொன்னார், அது என் பாணியாக அமைந்து தொலைத்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் பார்த்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் ஹால் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி, தோளில் கனமான பை, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த மூச்சு. கையில் தன் அட்டையை அப்போதுதான் வாங்கியிருந்தார். அதில் சரக்கொன்றை என்று இருந்தது.

என் ஒரே வாசகர். பின்னூட்டத்தில் மட்டும் தெரிந்தவரை நேரில் பார்த்ததும் எழுந்து போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மைக்குக்கு முன்னால் நிற்கும் தன் கணவரைப் பார்த்தார். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தார். சுற்றிலும் ஜனங்கள் “ஈரக்குடை, ஈரக்குடை” என்று கைதட்டுவதைப் பார்த்தார். அவருடைய கை மெதுவாக மேலே போய், தன் கண்ணாடியைக் கழற்றியது.

அந்தக் கண்ணாடியைக் கழற்றியது எதற்கு என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பதிவு எழுதியிருந்தேன். உடன் வசிப்பவர் ரயிலில் உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தூங்கிவிடுவார், அது நழுவி விழுந்துவிடுமோ என்று அதற்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டியபடியே இறங்கும் ஸ்டேஷன்வரை வருவேன், கை மரத்துப் போகும், அவருக்கு இன்றுவரை தெரியாது என்று. தூங்குகிறவர் என் கணவர். ஆனால் மனைவி தூங்க, கணவன் கை நீட்டியதாக எல்லாரும் படித்திருக்கிறார்கள். அதற்குச் சரக்கொன்றை போட்ட பின்னூட்டம் எனக்கு மனப்பாடம். ‘இப்படிக் கவனிக்கிற ஓர் ஆள் எங்கேயோ இருக்கிறார் என்று தெரிவதே எனக்குப் போதும்.’

சரக்கொன்றை கண்ணாடியில்லாமல் தட்டுத் தடுமாறி நடந்து வந்தார். அவர் கணவர் மைக்கை விட்டு வந்து பையை வாங்கிக்கொண்டார். என் நாற்காலிக்கு முன்னால்தான் இருவரும் நின்றார்கள்.

“நீங்களா?” என்றார் மனைவி. அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. “அந்தக் கண்ணாடி... அது நானா?”

“என்ன கண்ணாடி? நான் இல்லம்மா. சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் நம்ப மாட்றாங்க.”

மனைவியும் நம்பவில்லை. சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. “இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல பாருங்களேன்” என்று கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் தவித்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்களே சொல்லுங்களேன்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்தால் அந்த நேர்மையான மனிதர் பொய்யராகிவிடுவார். வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல முடியாமல் முழிப்பார். பேசினால் அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது போய்விடும். இது தவிர எனக்குள் இன்னொருத்தியும் இருந்தாள், ‘அது என் எழுத்து, என் பெயர், கொடு’ என்று மதியத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவள். மூன்றில் எது அப்போது வாயைத் திறந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

“நான்தான்மா ஈரக்குடை” என்றேன். “அவர் சொல்றது நிஜம்.”

சரக்கொன்றை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் பார்வையாளர் ஸ்டிக்கரைப் பார்த்தார். காலடியில் வாடிக் கிடந்த கீரைக்கட்டைப் பார்த்தார்.

“ஓ. நீங்களாக்கா.” கை கொடுத்தார். “ரொம்ப சந்தோஷம்.” பிறகு, “அப்ப அந்தக் கண்ணாடி?” என்றார்.

“என் வீட்டுக்காரரோடது.”

“ஓ” என்றார் மறுபடியும்.

கணவர் அதற்குள் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உக்காரு, உக்காரு. எத்தனை பேரு கேட்டாங்க தெரியுமா, குடுக்கவே இல்லையே” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். அப்புறம் ஏற்பாட்டாளர் மைக்கில் உண்மையைச் சொல்ல, எல்லாரும் “அட!” என்று மறுபடி சிரித்து, என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மீசைக்காரர் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். கமெண்ட் போடாத வாசகர் எனக்கும் கை கொடுத்தார், ஆனால் அந்தக் கணவரிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. டீச்சர் அம்மாள் என்னிடம் குறை சொல்லவே இல்லை. நல்லா எழுதுறீங்கம்மா என்றார், அவ்வளவோடு சரி.

தேநீர் நேரத்தில் நானும் சரக்கொன்றையும் கொஞ்சம் தனியாக இருந்தோம். தூரத்தில் அவர் கணவர் வரிசையில் நின்று இரண்டு வடை வாங்கிக்கொண்டிருந்தார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “அவர் யாருக்கும் அந்த நாற்காலியக் குடுக்கலமா. ஏற்பாட்டாளர் கேட்டே குடுக்கல” என்றேன்.

“அவரு அப்படித்தான்க்கா. இடம் புடின்னா புடிச்சிருவாரு” என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். “ஒரு நிமிஷம்தான்க்கா. அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

அதற்குள் கணவர் வடையோடு வந்துவிட்டார். வீடு இருக்கும் உட்லண்ட்ஸுக்கு எந்த பஸ்ஸில் போவது, ரயிலில் போவதா என்று இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். பை கணவரின் தோளில் இருந்தது.

ஈரக்குடையை நான் மடக்கவில்லை. பஸ்ஸில் படிக்கிறவர் இருக்கிறாரே, அவசரம் தெரிகிறது என்று கண்டுபிடிக்கிற அம்மாள் இருக்கிறாரே என்று கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள், இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள் என்று மற்ற பதிவர்களிடமும் சொல்லுகிறேன். படிப்பவர்களின் முகத்தைத் திரையில் பார்க்க முடியாது. ஆனால் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வரலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சரக்கொன்றையின் பின்னூட்டம் அதற்குப் பிறகு வரவில்லை. படிக்கிறாரா, நிறுத்திவிட்டாரா, தெரியவில்லை. என் பெயரை நான் திரும்ப வாங்கிக்கொண்டதில் தப்பில்லை என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். ஆனாலும் எழுதி முடித்து ‘வெளியிடு’ என்பதை அழுத்தப் போகும் ஒவ்வொரு முறையும், இதை யாரோ ஒருத்தி தன் வீட்டில் இருப்பவர் எழுதியிருக்கக் கூடாதா என்று படிப்பாளே என்ற நினைப்பு வந்து, என் விரல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அழுத்துகிறது.